தீர்ந்த ஹைப்போவை எங்கே ஊற்றுகிறீர்கள்?

கறுப்பு வெள்ளை பிலிமில் படமெடுத்து வீட்டிலேயே கழுவிப் பார்க்கும் ஆசை காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி வந்திருக்கிறது. என்னிடம் பழக வருகிறவர்கள், பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் திரவமான டெவலப்பரில் எது நல்லது, எத்தனை நிமிடம் என்று கேட்கிறார்கள். அதற்கடுத்துப் படத்தை நிலைக்கவைக்கும் திரவம்தான் ஹைப்போ. வேலை முடிந்த ஹைப்போ எங்கே போகிறது என்று கேட்பவர் அபூர்வம்.

டெவலப்பர் கணக்கு எளிது. டி-76 என்ற டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்தால் டிரை-எக்ஸ் 400 பிலிமுக்கு 20 டிகிரியில் 9¾ நிமிடம். சித்திரை வெயிலில் மாடித்தொட்டித் தண்ணீர் கொதிக்கும். பேசினில் ஐஸ் கட்டி போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்திச் சூட்டை இறக்குங்கள். கழுவும் டப்பாவுக்குள் வைக்கிற ரீலில் பிலிமை ஏற்ற முழு இருட்டு வேண்டும்; அதற்குப் பழைய வீடுகளில் சன்னலில்லாத அறை ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் தரும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இனி ஹைப்போ. பிலிமில் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பதுதான் அதன் வேலை. ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்த குணம் அது. கரைந்த வெள்ளி அந்தத் திரவத்திலேயே தங்குகிறது, ரோலுக்கு ரோல் கூடுகிறது. வெள்ளி நுண்ணுயிர்களுக்கு ஆகாது. செப்டிக் டேங்க் வேலை செய்வதே நுண்ணுயிர்களால்தான். ஊருணியில் வாழும் சிற்றுயிர்களுக்கும் அது கேடு. கூரையில் விழும் மழையை முற்றத்தில் பிடித்து, தெருநீரை ஊருணியில் சேர்த்துக் குடித்து வாழ்ந்த ஊர்கள் இவை. முற்றத்து வடிகாலில் ஹைப்போவை ஊற்ற நமக்கு எந்த உரிமையும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். கிணற்றடியிலும் தென்னைமரத்தடியிலும் ஊற்றுவதும் அதே தப்புதான்.

ஹைப்போ தீர்ந்ததா என்று அறிய, புது ஹைப்போவில் பிலிம் நுனித் துண்டு ஒன்றைப் போட்டு, அது தெளிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். அதே பிலிமின் துண்டுக்கு அந்த நேரம் இரண்டு மடங்கானால் மாற்ற வேண்டியதுதான். பழையதை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடங்களில் விசாரித்தால், வெள்ளிக்காக ஹைப்போ வாங்குகிறவர்களின் தொடர்பு கிடைக்கும். அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அடுப்பில் காய்ச்சி வெள்ளி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறினாலும் அமிலம் கூடினாலும் கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

கலக்கிய ஹைப்போ பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். பழைய குடிதண்ணீர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். திருவிழாவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள் வரும்போது, பெயரும் தேதியும் ஒட்டிய கேன்கள் பூட்டிய அறையில் இருக்கட்டும்.