கடல் நடுவே நன்னீர்ப் பாசி எப்படிக் குடியேறியது?

1832 ஜனவரியில் பீகிள் கப்பல் கேப் வெர்டி தீவுகளை நெருங்கியபோது காற்றில் மெல்லிய பழுப்புத் தூசி கலந்திருந்தது. பாய்மர உச்சியில் காற்றின் திசை காட்டும் கருவியின் வலைத்துணியில் அது படிந்திருந்தது. சார்லஸ் டார்வின் அதைச் சேகரித்துப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார். பிற்பாடு இதையும், வேறொரு கப்பலில் விழுந்த தூசியையும் சேர்த்து ஐந்து சிறு பொட்டலங்களை ஜெர்மனியில் இருந்த நுண்ணுயிர் ஆய்வாளர் எரன்பெர்க்குக்கு அனுப்பினார். நுண்ணோக்கியில் பார்த்த எரன்பெர்க் 67 வகை உயிர் வடிவங்களை எண்ணினார். அவற்றில் சிலிக்கா ஓடு கொண்ட நுண்ணுயிர்களில் இரண்டு மட்டுமே கடலில் வாழ்பவை. மற்றவை எல்லாம் நன்னீர்வாசிகள்.

நடுக்கடலின் வானத்தில் நன்னீர் உயிர்களுக்கு என்ன வேலை? பதில் சகாராவில் இருக்கிறது. சாட் நாட்டில் உள்ள பொடேலே பள்ளம் ஒரு காலத்தில் மாபெரும் ஏரியின் அடித்தரையாக இருந்தது. ஏரி வற்றியபின் அதில் வாழ்ந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் வெள்ளைப் படிவமாக அங்கே தங்கிவிட்டன. பாலைக்காற்று அந்தப் படிவத்தைச் சுரண்டி அட்லாண்டிக்குக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இந்தத் தூசியில் பெரும்பகுதி வெறும் ஓடு. உள்ளே உயிர் இல்லை. தீவில் குடியேற வேண்டுமென்றால் உயிரோடு வந்து சேர வேண்டும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஹவாய் மிக அருகிலுள்ள கண்டத்திலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இப்படிப்பட்ட தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்தவை அல்ல. எரிமலை கடலடியிலிருந்து எழும்பி உருவாக்கியவை. எனவே அங்கே ஓடையிலும் குட்டையிலும் இருக்கும் ஒவ்வொரு பாசியின் மூதாதையும் எங்கிருந்தோ வந்து சேர்ந்ததுதான். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் பயனில்லை. நன்னீர்ப் பாசியின் செல்லைக் கடல்நீரில் போட்டால் சவ்வூடு பரவலால் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும், பெரும்பாலான இனங்கள் சுருங்கிச் செத்துப்போகும். ஆக, நீந்தி வர வழியில்லை. காற்றில் வரலாம், பறவையில் வரலாம், பின்னாளில் மனிதரோடும் வரலாம்.

முதல் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு: காய்ந்தாலும் சாகக் கூடாது. காற்றில் பறக்கும் செல் ஈரத்தை இழக்கும், குளிரும், புற ஊதாக் கதிர் தாக்கும். பறவையின் காலில் ஒட்டிய சேறு சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஆய்வகத்தில் டயாட்டம்களை உலர்த்தியும் உறையவைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஏரியில் வாழும் இனங்களின் சாதாரண செல்கள் பெரும்பாலும் தாங்கவில்லை. மண்ணிலும் பாறை ஈரத்திலும் வாழப் பழகிய இனங்கள் தாக்குப்பிடித்தன. அடிக்கடி காய்ந்து நனையும் இடத்தில் வளர்ந்தவை என்பதால் கடல் கடக்கும் தகுதி அவற்றுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லலாம். நீலப்பச்சைப் பாசிகள் இதில் இன்னும் கெட்டி. (வகைப்பாட்டின்படி அவை பாக்டீரியா. ஆனால் குட்டையில் அவை செய்யும் வேலை பாசியின் வேலைதான், அதனால் இங்கே சேர்த்துக்கொள்வோம்.) நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி கறுத்த சருகு போலக் காய்ந்து பல பத்தாண்டுகள் கிடந்தபின்னும் தண்ணீர் பட்டதும் உயிர்த்திருக்கிறது.

பறவையின் வயிறு இன்னொரு வாகனம். நீர்ப்பறவைகளின் குடல் வழியாகப் போன பாசிகள் உயிரோடு வெளியே வருகின்றன என்று அமெரிக்காவில் வெர்னன் ப்ராக்டர் 1959-இல் காட்டினார். காரா வகைப் பாசிகளின் கெட்டி ஓடுள்ள வித்துகள் இப்படிப் பயணம் செய்யத் தோதானவை. காற்றைவிடப் பறவைக்கு ஒரு முக்கியமான சாதகம் உண்டு. காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொட்டும், பெரும்பாலும் கடலில். நீர்ப்பறவையோ ஒரு குளத்திலிருந்து கிளம்பி இன்னொரு குளத்தைத் தேடித்தான் இறங்கும்.

வந்து இறங்கிய முதல் தலைமுறை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1883-இல் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிராகடோவா வெடித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், தாவரவியலாளர் மெல்கியோர் ட்ரூப் அங்கே இறங்கியபோது சாம்பலின் மேலும் நுரைக்கல்லின் மேலும் நீலப்பச்சைப் பாசிகளின் வழவழப்பான படலம் பரவியிருந்ததைக் கண்டார். பெரணிகள் அதன்மேல் முளைத்திருந்தன. பாசிதான் பெரணிக்கு நிலம் தயார் செய்தது என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. கிராகடோவா ஜாவாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், எனவே தொலைதூரத் தீவு என்றும் சொல்ல முடியாது. இருந்தாலும், பாசி முதலில் வருவதற்கு நல்ல வேதியியல் காரணம் இருக்கிறது. புதிய எரிமலைப் பாறையில் சிலிக்கா உண்டு, பாஸ்பரஸ் உண்டு. நைட்ரஜன் கிட்டத்தட்ட கிடையாது. பல நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனையே பிடித்துப் பயன்படுத்தக்கூடியவை. வெறும் சாம்பலில் பிழைக்க அது பெரிய வசதி.

தீவுக்கு வயதாக ஆகக் கணக்கு தலைகீழாகிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் சுமார் 40 லட்சம் ஆண்டு பழைய காவாய் தீவின் மண்ணில், பாறையிலிருந்து வந்த பாஸ்பரஸ் மழையில் கரைந்து ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அங்கே செடிகளுக்குக் கிடைக்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து பசிபிக் தாண்டி வரும் தூசி கொண்டுவருவது. குடிகளைக் கொண்டுவந்த காற்றே அவர்களுக்குத் தீனியும் போடுகிறது.

கடல் மட்டும் சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. மெக்குவாரி, மேரியன் போன்ற தென்கடல் தீவுகளில் ஓயாத காற்று கடல்நுரையைத் தூற்றுகிறது. அங்குள்ள பல ஏரிகளின் உப்புச் சேர்க்கையைப் பார்த்தால் நிறைய மழைநீர் கலந்து நீர்த்துப்போன கடல்நீர் போலவே இருக்கும். கரையோரக் குட்டைகளில் பென்குவின்களும் யானை சீல்களும் கடலில் தின்றதைக் கரையில் கழிக்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குவிந்து அந்தக் குட்டைகள் பச்சைக் குழம்பாகின்றன. கொஞ்ச தூரம் உள்ளே போனால் சத்தே இல்லாத தெளிந்த ஏரி. சின்னத் தீவில் இரண்டுக்கும் நடுவே நடந்துபோகும் தூரம்தான், ஆனால் பாசிக் கூட்டம் முற்றிலும் வேறு. ஒரு தீவின் பாசிகளைப் பற்றிப் பேசும்போது தட்பவெப்பத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். எந்த விலங்கு எங்கே படுக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

ஹவாயின் ஓடைகளில் கதை வேறு மாதிரி. செங்குத்தான மலை, திடீர் வெள்ளம். மிதக்கும் பாசிக்கு அங்கே இடமில்லை, அடுத்த மழையில் கடலுக்குப் போய்விடும். பாறையில் ஒட்டிக்கொள்பவைதான் நிலைக்கும். அந்தப் பாறைப் பாசியை மேய ஒரு மீன் இருக்கிறது, ஓஓபு நோபிலி என்ற கோபி மீன். இது ஓடையில் முட்டையிடும், பொரித்த குஞ்சுகள் கடலுக்கு அடித்துச் செல்லப்படும், சில மாதம் கழித்து இளமீன்களாக ஆற்றுக்குத் திரும்பும். வழியில் அருவி குறுக்கிட்டால் வாயாலும் வயிற்றடி உறிஞ்சு தட்டாலும் மாறி மாறிப் பற்றி ஏறும். பாறையில் டயாட்டம்களைச் சுரண்டித் தின்னும்போது வாய் அசைவதும் ஏறும்போது அசைவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஓடையின் நத்தைகளிலும் இறால்களிலும் சில இப்படியே கடலுக்குப் போய்த் திரும்புபவை. மேய்பவர்கள் கடல்வழியாகவும் மேய்ச்சல் நிலம் வான்வழியாகவும் வந்து சேர்ந்த விசித்திரமான ஊர் அது.

சரி, காற்றும் பறவையும் எல்லாவற்றையும் எங்கும் தூவிக்கொண்டே இருந்தால் எல்லாத் தீவிலும் ஒரே பாசிதானே இருக்க வேண்டும்? டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934-இல் சொன்னது ஏறத்தாழ அதுதான்: நுண்ணுயிர்கள் எல்லாம் எங்கும் உண்டு, எது தழைக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது. நெடுநாள் இந்த எண்ணமே ஆட்சி செய்தது. ஐரோப்பியப் படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீவுப் பாசிக்குப் பெயர் வைத்தால், எல்லாம் ஐரோப்பியப் பாசியாகத்தான் தெரியும். டயாட்டம் ஓட்டின் வரிகளை உற்றுப் பார்க்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. கெர்குலென், குரோசே, ஆம்ஸ்டர்டாம் ஆகிய தென் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலிருந்து முன்பு அறியப்படாத டயாட்டம் இனங்கள் தொடர்ந்து விவரிக்கப்பட்டு வருகின்றன. உலகெங்கும் ஒரே இனமாகக் கருதப்பட்ட பின்னுலாரியா போரியாலிஸ் என்ற மண் டயாட்டமை மரபணுவில் சோதித்தபோது பல தனித்தனி இனங்கள் வெளிப்பட்டன. கடல் தாண்டுவதில் இவ்வளவு தேர்ந்த ஒன்றுக்கே இந்த நிலைமை என்றால், காய்ந்தால் சாகும் இனங்கள் தீவுக்கு வருவது எவ்வளவு அரிய நிகழ்ச்சியாக இருக்கும்! பாஸ் பெக்கிங் பாதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சூழல் தேர்ந்தெடுப்பது உண்மை. ஆனால் பயணம் அதற்கு முன்பே ஒரு முறை சலித்துவிடுகிறது.

மனிதர் வந்ததும் அந்தச் சல்லடையில் ஓட்டை விழுந்தது. அஸோர்ஸ் தீவுகளில் ஏரிகளைச் சுற்றி மேய்ச்சல் நிலம் அமைத்து உரமும் சாணமும் இறங்கியதில் சில ஏரிகள் நீலப்பச்சைப் பாசியால் பூத்துப்போயின. கலபகோஸில் சான் கிறிஸ்டோபல் தீவின் எரிமலை வாயில் இருக்கும் எல் ஹுங்கோ, அந்தத் தீவுக்கூட்டத்தின் ஒரே நிரந்தர நன்னீர் ஏரி. ஃபிரிகேட் பறவைகள் சிறகிலுள்ள உப்பைக் கழுவ அங்கே வருகின்றன. அதன் அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த டயாட்டம் ஓடுகளை வைத்துத்தான் பசிபிக்கின் பழைய வெப்பநிலையைக் கணித்தார்கள். அந்த ஏரியிலும் திலாப்பியா மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், பிறகு நஞ்சு போட்டு அதை ஒழிக்க வேண்டியிருந்தது.

பாசியே நேராகப் பயணம் போவதும் உண்டு. டிடிமோ என்ற டயாட்டம் 2004-இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பழுப்புக் கம்பளி போல ஆற்றுப்படுகையை மூடிவிடும் இந்த இனத்தை மீன்பிடிப்பவர்களின் ஈரக் காலணிகளும் கருவிகளும் பரப்பக்கூடும். கம்பளித்துணி அடிப்பாகம் கொண்ட காலணி நெடுநேரம் ஈரம் காக்கும் என்பதால் அதை அணிந்து மீன்பிடிப்பதை 2008-இல் நியூசிலாந்து தடைசெய்தது. காய்ந்தால் சாகும் பாசிக்கு, காயாத ஒரு வாகனம் கிடைத்திருந்தது.