ஒம்புட்ஸ்மன்: குறைதீர்ப்பாளரா, ஆணையாளரா?

ஒம்புட்ஸ்மன் (பெயர்ச்சொல், சுவீடிய மொழி): 1. ஒருவர் தந்த அதிகாரத்தைக் கொண்டு அவர் சார்பில் செயல்படுபவர். 2. நாடாளுமன்றத்தின் சார்பில் அரசு அலுவலர்கள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிப்பவர். 3. வங்கி, காப்பீடு, மின்சாரம் போன்ற துறைகளில் நுகர்வோர் புகாரை விசாரித்து முடித்துவைப்பவர்.

சொல் வளர்ந்த வரிசையும் இதுதான். முதற்பொருள் இடைக்காலத்தது; இரண்டாவது 1809இல் பிறந்தது; மூன்றாவது கடந்த அறுபது ஆண்டுகளில் கிளைத்தது. தமிழ்நாட்டில் மூன்றாவதே முந்திக்கொண்டது. வங்கிக் கிளையின் அறிவிப்புப் பலகையில்தான் பலரும் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். அதனால் ‘குறைதீர்ப்பாளர்’ என்ற மொழிபெயர்ப்பு எல்லா இடத்துக்கும் பரவி, சுவீடன் வரலாற்றைப் பற்றி எழுதும்போதுகூட அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அது பொருந்தாது. சுவீடனின் ஒம்புட்ஸ்மன் யாருடைய குறையையும் தீர்ப்பதில்லை.

சொல்லின் பிறப்பு

சுவீடிய, டேனிஷ், ஐஸ்லாந்து மொழிகளின் முன்னோடியான பழைய நோர்ஸ் மொழியில் இது ‘உம்பொத்ஸ்மத்ர்’. ‘உம்’ என்றால் சுற்றி, பற்றி. ‘பொத்’ என்றால் கட்டளை, ஆணை. இரண்டும் சேர்ந்த ‘உம்பொத்’, ஒரு காரியத்தைச் செய்யும்படி ஒருவரிடம் ஒப்படைத்த அதிகாரம். ‘மத்ர்’ என்றால் மனிதர். ஆக, ஆணை பெற்றவர். ‘பொத்’ என்பதன் இந்தோ-ஐரோப்பிய வேருக்கு உணர்தல், உணர்த்துதல் என்பது பொருள். வடமொழியின் புத்தர், போதி, போதனை எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நோர்ஸ் கிளையில் உணர்த்துதல் ஏவுதலாகிவிட்டது.

1241ஆம் ஆண்டின் டென்மார்க் யுட்லாந்துச் சட்டத்தில் ‘உம்போஸ்மன்’ வருகிறது. அங்கே அவர் மாவட்டம் போன்ற ஒரு வட்டாரத்தில் மன்னர் சார்பில் வேலை பார்த்தவர். ஐஸ்லாந்தில் அரசுடைமை நிலங்களைக் கவனித்து வாடகை வாங்கியவருக்கும் இதே பெயர். தொடக்கத்தில் ஒம்புட்ஸ்மன் குடிமக்களின் ஆள் அல்ல, மன்னரின் ஆள். இதை மறந்துவிட்டு, வைக்கிங் காலத்திலேயே மக்களின் குறை கேட்க ஓர் அதிகாரி இருந்தார் என்று எழுதுவது பிழை.

முதற்பொருள் சுவீடனில் இன்றும் புழங்குகிறது. நீதிமன்றத்தில் உங்கள் சார்பில் வாதாடுபவர் ‘ஒம்புட்’. பார்சலைத் தபால் நிறுவனத்தின் சார்பில் வாங்கி வைத்திருந்து கொடுக்கும் மளிகைக் கடை ‘ஒம்புட்’. தொழிற்சாலையில் தொழிலாளர் சார்பில் பாதுகாப்பைக் கவனிப்பவர் ‘ஷூட்ஸ்ஒம்புட்’. தொழிற்சங்கத்திலோ கட்சியிலோ சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்க்கும் அலுவலரைச் சுவீடியர் ‘ஒம்புட்ஸ்மன்’ என்றே சொல்வர். சுவீடன் செய்தி ஒன்றில் ‘உலோகத் தொழிலாளர் சங்க ஒம்புட்ஸ்மன்’ என்று கண்டால் சங்க அலுவலர் என்று எழுத வேண்டும். குறைதீர்ப்பாளர் என்று எழுதினால் செய்தியே திரிந்துபோகும்.

1713: தோற்ற மன்னரின் கடிதம்

சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்ல் 1700இல் போருக்குக் கிளம்பியவர். 1709இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்று, உதுமானியப் பேரரசின் எல்லைக்குள் தஞ்சம் புகுந்தார். இன்றைய மல்தோவாவில் உள்ள பெந்தேரில் சில ஆண்டுகள் தங்கினார். 1713 பிப்ரவரியில் அவரை வெளியேற்ற வந்த படையோடு அவருடைய சிறு கூட்டம் மோதியது. அந்தக் கைகலப்பிலிருந்து ‘கலபலிக்’ என்ற துருக்கியச் சொல் சுவீடிய மொழிக்குள் நுழைந்து, இன்றும் அமளி என்ற பொருளில் வழங்குகிறது.

மன்னர் ஊரில் இல்லாத நாட்டில் வரி வசூலிப்பவரும் நீதிபதியும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று, இன்றைய துருக்கியின் ஏதிர்னே நகருக்கு அருகிலுள்ள திமுர்தாஷிலிருந்து அவர் ஓர் ஆணை அனுப்பினார். அதன்படி ஸ்டாக்ஹோமில் ‘உயர்நிலை ஒம்புட்ஸ்மன்’ பதவி உருவானது. சட்டங்கள் நடைமுறையாகின்றனவா, அலுவலர்கள் கடமை செய்கிறார்களா என்று மன்னர் சார்பில் கவனிப்பதே வேலை. 1719இல் இப்பதவியின் பெயர் ‘யுஸ்டீட்சியேகான்ஸ்லர்’ (நீதி வேந்தர் எனலாம்) என்று மாறியது. அந்தப் பதவி இன்றும் இருக்கிறது, அரசாங்கத்தின் சட்டக் காவலராக. உதுமானிய நீதிமுறையைப் பார்த்துத்தான் கார்ல் இதை உருவாக்கினார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கேட்க நன்றாயிருக்கும் கதைதான், ஆனால் மன்னர் எங்கே இருந்தார் என்பதைத் தாண்டி அதற்கு வலுவான சான்று காட்டப்படுவதில்லை.

1809: ஆள் மாறிய ஆணை

1808–09 போரில் சுவீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. 1809 மார்ச்சில் படை அதிகாரிகள் மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃபைக் கைதுசெய்து பதவியிறக்கினார்கள். ஜூன் 6 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் வந்தது. பிரபுக்கள், குருமார், நகர வணிகர், உழவர் என நான்கு அவைகளாகக் கூடிய ‘ரிக்ஸ்டாக்’ என்ற அப்போதைய நாடாளுமன்றம், நிர்வாகத்தின் மேல் தனக்கென ஒரு பிடி வேண்டும் என்று நினைத்தது. நீதி வேந்தர் மன்னரின் ஆள். அவர் மன்னரின் அலுவலரையே எப்படிக் கண்டிப்பார்?

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. ரிக்ஸ்டாக் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட வேண்டும் என்பது விதி. இடையில் யார் பார்ப்பது? இதற்காக அரசமைப்பின் 96ஆம் பிரிவு ‘யுஸ்டீட்சியே-ஒம்புட்ஸ்மன்’ என்ற பதவியை வைத்தது. சட்ட அறிவாலும் நேர்மையாலும் பெயர் பெற்ற ஒருவரை ரிக்ஸ்டாக் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் நீதிபதிகளையும் அலுவலர்களையும் கவனித்து, தவறு செய்தவர்மேல் வழக்குத் தொடுக்க வேண்டும். 1810இல் லார்ஸ் அவுகுஸ்தின் மன்னர்ஹெய்ம் முதலில் தேர்வானார். பதவிப்பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் சேர்த்து ‘யீ-ஊ’ என்பது சுவீடியர் வழக்கு. அங்கிருந்து ‘யீ-ஊ-விடம் புகார் செய்’ என்பதற்கு ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது.

1713க்கும் 1809க்கும் இடையே சொல் மாறவில்லை. ஆணை கொடுப்பவர் மாறினார்: மன்னர் போய் நாடாளுமன்றம் வந்தது. வரலாறு எழுதுபவர் விடக்கூடாத இடம் இது.

இன்று வேலை எப்படி நடக்கிறது

படைத்துறைக்கென 1915இல் தனி ஒம்புட்ஸ்மன் ஏற்பட்டு, 1968இல் பொது அமைப்போடு இணைந்தார். இப்போது நால்வர் உள்ளனர். ஒருவர் தலைமை. ரிக்ஸ்டாக் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 புகார்கள் வருகின்றன. சிறை, காவல், சமூகநல அலுவலகங்கள், குடிவரவுத் துறை ஆகியவற்றின் மேல் வருபவை அதிகம்.

புகாருக்குக் கட்டணம் கிடையாது. சுவீடன் குடியுரிமை வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பாதிக்கப்பட்டவரே எழுத வேண்டும் என்பதும் இல்லை. எந்த அலுவலகம், என்ன நடந்தது, எப்போது என்று எழுதினால் போதும். இரண்டு ஆண்டுக்கு மேல் பழைய விஷயத்தைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகார் போய்ச் சேர்ந்த அந்த நிமிடமே அது பொது ஆவணமாகிவிடுகிறது. எந்தச் செய்தியாளரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். இது தெரியாமல் தன் நோய் விவரம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதிவிட்டுப் பின்னால் வருந்துவோர் உண்டு.

புகார்கள் வீணாகப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கேட்பது கிடைக்காத இடத்தில் கேட்பது. நீதிமன்றத் தீர்ப்பை மாற்று, நிறுத்திய உதவித்தொகையைக் கொடுக்கச் சொல், இழப்பீடு வாங்கிக்கொடு என்றெல்லாம் இவரிடம் கேட்டுப் பயனில்லை. வங்கி, வீட்டு உரிமையாளர், தனியார் நிறுவனம் ஆகியவை பொதுவாக இவர் வரம்பில் வராது. இவர் பார்ப்பது ஒன்றுதான்: அலுவலர் சட்டம் சொன்ன முறைப்படி நடந்தாரா? அலுவலகம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கோப்புகளைக் காட்ட வேண்டும். நீதிமன்றமும் இதற்கு விலக்கல்ல. விசாரணை முடிவில் ‘குறைகூறல்’, ‘கடுமையான குறைகூறல்’ என்று தரம் பிரித்து எழுதி வெளியிடுவார். அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அலுவலகங்கள் அதையே வழிகாட்டியாக எடுத்துக்கொள்கின்றன.

பொது ஆவண நகல் கேட்டவருக்குப் பதில் தராமல் இழுத்தடித்த வழக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். 1766ஆம் ஆண்டின் அச்சுச் சுதந்திரச் சட்டத்திலிருந்து வரும் உரிமை இது. ‘விரைந்து’ என்று மட்டுமே சட்டம் சொல்ல, அன்றே அல்லது ஓரிரு நாளில் என்று அளவு வகுத்தது ஒம்புட்ஸ்மன்களின் முடிவுகள்தான். ஊழியர் விடுப்பில் இருந்தார் என்ற சாக்கு அவர்களிடம் செல்லாது. அலுவலர் கடமை மீறியது குற்றவியல் அளவுக்குப் போனால் அவரே சிறப்பு வழக்குத்தொடுநராக நின்று வழக்குப் போடலாம். அரிதாகவே போடுகிறார்.

பக்கத்து நாடுகளில் அதே பெயர், வேறு உருவம்

ரஷ்யப் பேரரசுக்குள் போய்விட்ட பின்லாந்துக்கு 1809 அரசமைப்பு கிடைக்கவில்லை. விடுதலை பெற்று, 1919 அரசமைப்பின்படி 1920இல் தன் முதல் ஒம்புட்ஸ்மனை அமர்த்தியது. உலகில் இது இரண்டாவது. பின்னிஷ் மொழியினர் சொல்லை அப்படியே எடுக்காமல் ‘ஒய்கேயுஸ்அசியமிஏஸ்’ என்று ஆக்கிக்கொண்டார்கள்: நீதி + காரியம் + ஆள். சரியான ஆக்கம். ‘காரியஸ்தர்’ என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்தச் சாயல்.

டென்மார்க்கில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1953 அரசமைப்பின் 55ஆம் பிரிவுப்படி 1955இல் ஸ்டீஃபன் ஹுர்விட்ஸ் பதவியேற்றார். சுவீடனில் துறை அலுவலகங்கள் தனித்து இயங்குகின்றன. தனி நபரின் கோப்பில் அமைச்சர் தலையிட முடியாது. அதனால் ஒம்புட்ஸ்மன் அலுவலரைப் பார்க்கிறார், அமைச்சரை விட்டுவிடுகிறார். டென்மார்க்கில் துறையின் தலைவரே அமைச்சர். ஆகவே அவரும் கண்காணிப்புக்குள் வருகிறார், நீதிமன்றங்கள் வெளியே நிற்கின்றன. டேனிஷ் ஒம்புட்ஸ்மன் வழக்கும் போடுவதில்லை, பரிந்துரைப்பதோடு சரி. உலகம் எடுத்துக்கொண்டது இந்த மென்மையான வடிவத்தைத்தான்.

அது பரவிய வழியில் இலங்கை வருகிறது. 1959 மே மாதம் கண்டி அருகே பேராதனையில் நடந்த ஐ.நா. கருத்தரங்கில் ஹுர்விட்ஸின் கட்டுரை நியூசிலாந்துப் பிரதிநிதியின் கைக்குக் கிடைத்தது. நோர்டிக் நாடுகளுக்கு (சுவீடன், பின்லாந்து, டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து) வெளியே முதல் நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மன் 1962இல் நியூசிலாந்தில் அமர்ந்தார். நார்வேயில் பொது நிர்வாகத்துக்கான பதவி அதற்கு அடுத்த ஆண்டுதான் இயங்கத் தொடங்கியது. ஐஸ்லாந்தில் 1988.

தமிழில் எப்படி எழுதுவது

*குறைதீர்ப்பாளர்*: ரிசர்வ் வங்கித் திட்டம், காப்பீடு, மின்சாரம் ஆகியவற்றுக்குப் பொருத்தம். முதலில் வங்கியிடமே முறையிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ அவரிடம் போகலாம். அவர் இழப்பீடு வழங்கி ஆணையிட முடியும். உண்மையாகவே குறையைத் தீர்க்கிறார்.

*முறைமன்ற நடுவர்*: தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான அமைப்பு ‘முறைமன்ற நடுவம்’. மன்றம்போல் இருந்து இரு தரப்பையும் கேட்பவருக்கு நல்ல பெயர். சுவீடன் ஒம்புட்ஸ்மனுக்கு வேண்டாம், அவர் நடுவர் அல்லர், நாடாளுமன்றத்தின் கண்.

*லோக்பால்*: 1963இல் நாடாளுமன்ற உறுப்பினர் எல்.எம். சிங்வி ஆக்கிய வடசொல். 2013 சட்டத்தின் லோக்பால் ஊழலை விசாரிப்பவர். நோர்டிக் பதவிக்கு இணையாக எழுதுவது அறவே தவறு.

*ஆணையாளர்*: இலங்கை அரசமைப்பின் 156ஆம் உறுப்புரையில் வரும் பதவி ‘நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்’. பிரித்தானியா 1967இல் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. ஆனால் நோர்ஸ் மூலத்துக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் இதுவே. ‘பொத்’ என்பது ஆணை. ஆணையைக் கையாள்பவர் ஆணையாளர். நோர்டிக் நாடாளுமன்றப் பதவியை எழுதும்போது ‘நாடாளுமன்ற ஆணையாளர்’ என்று முதலில் எழுதி, அடுத்து ‘ஒம்புட்ஸ்மன்’ என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும். டேனிஷ், நியூசிலாந்து வடிவங்களுக்கு ‘குறைகேள் ஆணையர்’ ஒத்துவரும், கேட்பதும் பரிந்துரைப்பதும்தான் அவர்கள் வேலை.

ஆண்பால் தொல்லையும் இதில் இல்லை. நார்வேயினர் ‘மன்’ என்ற விகுதி உறுத்துகிறது என்று 2021இல் பதவிப்பெயரைச் ‘சிவில்ஒம்புட்’ என்று வெட்டிக்கொண்டார்கள். ‘ஆணையாளர்’ என்பதன் ‘-அர்’ இரு பாலுக்கும் பொது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். ‘ஆம்புட்ஸ்மேன்’, ‘ஆம்பட்ஸ்மேன்’ இரண்டும் ஆங்கில ஒலிப்பு வழியே வந்தவை. சுவீடிய ஒலிப்பு குறில் ஒகரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் அசை நெடில், கடைசி ‘மன்’. அந்த வகையில் இலங்கை வழக்கான ‘ஒம்புட்ஸ்மன்’ மூலத்துக்கு நெருக்கம். வங்கி, காப்பீடு பற்றிய தமிழ்நாட்டுச் செய்திகளில் பழகிப்போன ‘ஆம்புட்ஸ்மேன்’ அப்படியே இருக்கட்டும். நோர்டிக் வரலாற்றுக்கு ‘ஒம்புட்ஸ்மன்’, பன்மைக்கு ‘ஒம்புட்ஸ்மன்கள்’.