ஆல்கோ எஞ்சின் புகைவிடும் நேரம்

குன்னூர் ஸ்டேஷனில் ஊட்டி மலை ரயிலுக்கு எஞ்சின் மாற்றுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறிவந்த நீராவி எஞ்சின் கழன்று போகும். அதன் இடத்துக்கு ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் வரும். கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் நீராவியின் பின்னால் ஓடுவார்கள். நான் டீசல் பக்கமே நின்றுகொள்வேன்.

சும்மா நிற்கும்போது அதன் சத்தம் நிதானமாக, எண்ணிவிடலாம் போல இருக்கும். ஹாரன் அடித்து ஓட்டுநர் கைப்பிடியை ஒரு நாட்ச், அதாவது ஒரு படி, ஏற்றியதும் சத்தம் கனக்கும். மேலே குபுகுபுவென்று கரும்புகை கிளம்பும். சில நொடிதான். அப்புறம் புகை மெலிந்து லேசான சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். டீசல் எஞ்சினைப் படமெடுப்பவர்கள் காத்திருப்பது அந்தச் சில நொடிக்குத்தான். அது எப்போது வரும் என்பதை உள்ளே நடப்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். அவ்வளவு காற்றையும் சிலிண்டர் தானாக உறிஞ்சிக்கொள்ள முடியாது என்பதால் டர்போசார்ஜர் அதை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த எஞ்சின் குடும்பத்தில் இந்த டர்போவைச் சுழற்றுவது, வெளியேறும் புகையின் விசை மட்டுமே. ஒய்.டி.எம்.4 இந்தக் குடும்பம்தான்; 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.2-வும் இதே குடும்பம். சிக்கல் இங்கேதான். நாட்ச் ஏறியதும் எரிபொருள் உடனே கூடிவிடுகிறது. டர்போவோ வேகம் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாமல் மிஞ்சிய கார்பன்தான் கரும்புகையாக வெளியே வருகிறது. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் மலையேற ஏற இந்தப் பற்றாக்குறை இன்னும் கூடும்.

மெயின் லைனில் ஓடும் டபிள்யூ.டி.பி.4, டபிள்யூ.டி.ஜி.4 எஞ்சின்களின் முன்னால் இதே எதிர்பார்ப்போடு நின்றால் ஏமாற்றம்தான். அவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். எரிந்த புகையை வெளியே தள்ளவே அவற்றுக்கு முதல் சுற்றிலிருந்து காற்று வேண்டும். அதனால் சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுழற்றுகிறது. புகைக்குப் போதுமான விசை வந்த பிறகு ஒரு கிளட்ச் அந்தப் பிடியை விட்டுவிடும். காற்று எப்போதும் தயாராக இருப்பதால் அவை ஆல்கோ மாதிரி புகைவிட்டுக் கிளம்புவதில்லை.

சரி, புகை வந்துவிட்டது. அது படத்தில் விழ வேண்டுமே! கரி ஒளியை விழுங்கும் பொருள். பின்னால் யூகலிப்டஸ் காடு இருட்டாக நின்றால் புகை இருக்கும் இடமே தெரியாது. வெளிச்சமான வானமோ வெள்ளை மூடுபனியோ பின்னால் இருக்கும்படி தாழ்வாக நின்று எடுத்தால் அதன் சுருள் சுருளான உருவம் அப்படியே கிடைக்கும். ஓரங்கள் பழுப்பாகத் தெரிந்தால் கேமராவைச் சந்தேகப்பட வேண்டாம். மெல்லிய கரிப்புகை சிவப்பைவிட நீலத்தை அதிகம் விழுங்கும்.

அடுத்தது வேகம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 27.8 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் 2.8 சென்டிமீட்டர். பக்கவாட்டில் நின்று 20 மீட்டர் அகலத்தை 6,000 பிக்சலில் அடக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் என்பது 3.3 மில்லிமீட்டர். அப்படியானால் எஞ்சினின் எண் எட்டு பிக்சலுக்கு இழுபட்டிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணை உறுத்தும். அதே அளவு அகலம் படத்துக்குள் இருக்க, ரயில் உங்கள் பார்வைக் கோட்டுக்கு 15 டிகிரி சாய்வில் வந்தால் குறுக்கே நகர்வது கால் பங்குதான், இழுபடுவது இரண்டு பிக்சல். ரயில் ரசிகர்கள் வளைவின் வெளிப்பக்கம் இடம்பிடித்து எஞ்சினை முக்கால் முகமாக, முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிய, எடுப்பது அழகுக்காக மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அதிலிருக்கும் வசதி புரிந்தது. குன்னூருக்கு மேலே ரயில் 30 கி.மீ. வேகத்துக்குள்தான் போகும். அங்கே 1/300 நொடியே போதும். மூடுபனி வெளிச்சத்தில் இது பெரிய உதவி.

செல்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒன்று. அதன் சென்சார் படத்தை ஒரே வீச்சில் படிக்காது, வரிவரியாகப் படிக்கும். முழுதும் படித்து முடிக்க 1/50 நொடி ஆனால்கூட 100 கி.மீ. வேக ரயில் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நேராக நிற்கும் ஜன்னல் சட்டம் சாய்ந்து விழுவது அதனால்தான். இங்கேயும் அந்த முக்கால் முகக் கோணம் கைகொடுக்கும்.

இடம் தேடும்போது தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது என்பது இன்னொரு பக்கம்.

குன்னூரில் தவறவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று கிளம்பும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டர்போ மறுபடி முதலிலிருந்து வேகம் பிடித்தாக வேண்டும். எனக்குப் பிடித்தது கேத்தி. பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, கண்ணைவிடக் காதை நம்புவேன். எஞ்சின் சத்தம் கனத்ததும் விரலை வைத்து அழுத்த ஆரம்பிப்பேன். அதற்கு மேல் விசில் போல டர்போவின் கீச்சொலி ஏறி வரும்போது, புகை மெலியத் தொடங்கியிருக்கும்.