கிட் 3 காட்டுகிறது, தண்ணீர் ஏன் பச்சை?

ஏப்ரல், மே வந்தால் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் நீச்சல் குளம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "டெஸ்ட் கிட்டுல குளோரின் மூணு காட்டுது சார், ஆனா தண்ணி பச்சையாவே இருக்கு." போன வருடம் உத்தண்டியில் இப்படித்தான். 50,000 லிட்டர் குளம். வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் விடாமல் குளோரின் மாத்திரை போட்டிருந்தார்.

மிதவைக்குள் வைக்கும் அந்த வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டிரைக்குளோர். குளோரினோடு சயனூரிக் அமிலமும் அதில் சேர்ந்தே வருகிறது. கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வேண்டிய பொருள்தான், அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் காலையில் போட்ட குளோரின் மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலும் காலி. 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகிக்கொண்டே இருக்கும், ஸ்டெபிலைசர் அப்படியே தங்கிவிடும். ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போனால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் ஏறுகிறது. தினம் 2 பிபிஎம் குளோரின் என்றால் மூன்று மாதத்தில் ஸ்டெபிலைசர் 100-ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிட் 3 காட்டும், பாசி அதுபாட்டுக்கு வளரும்.

உத்தண்டியில் ஸ்டெபிலைசர் 150-க்கு மேல் இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறியது. டேங்கர் லாரிக்குக் காசு கொடுத்துக் குளத்தை நிரப்பியவர், கோபம் நியாயம்தான். "அப்போ மொத்தமா காலி பண்ணிக் கழுவிடலாமே" என்றார். கடலோரத்தில் அதைச் செய்யாதீர்கள், அதுவும் மழைக்காலத்தில். நிலத்தடி நீர் மேலே ஏறியிருந்தால் காலிக் குளத்தையே அடியிலிருந்து தூக்கிவிடும்.

பாதியை மாற்றிவிட்டு, அங்கே அன்றாடத்துக்கு 65 சதவீத ஹைப்போ (கால்சியம் ஹைப்போகுளோரைட்) தூளுக்கு மாறினோம், இதில் ஸ்டெபிலைசர் கிடையாது. 50,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 80 கிராம் போதும். வெயில் இறங்கிய பிறகு, வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் தூள். இதிலும் ஒரு சங்கடம் உண்டு: ஹைப்போ பி.எச்.சை, அதாவது தண்ணீரின் அமில-காரக் கணக்கை, மேலே தள்ளும். பி.எச். 8-க்குப் போனால் குளோரினில் ஏறக்குறைய கால் பங்குதான் உருப்படியாக வேலை செய்யும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எச். இறக்கும் ஆசிட்டை ஹைப்போ பக்கத்தில் வைத்திருக்கும் பம்ப் ரூம்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. மாத்திரையும் ஹைப்போவும் கலந்தாலோ தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே மக்கில் இரண்டையும் அள்ளுகிற வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மக், தனி அலமாரி.

2024-ல் கேரளத்து அமீபா காய்ச்சல் செய்திகள் வந்த பிறகு, பயத்தில் குளோரினை அள்ளிக் கொட்டுகிறவர்களும் கூடிவிட்டார்கள். இங்கே டெஸ்ட் கிட்டே ஏமாற்றும். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வீணாகிப்போன குளோரினையும் சேர்த்தே எண்ணுகிறது. கண் எரிச்சலும் அந்த நெடியும் அதனால்தான். ரோஸ் நிறம் காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த ரோஸும் வெளுத்துவிடும். நிறமே வரவில்லையே என்று வாட்ச்மேன் இன்னும் இரண்டு கரண்டி போடுவார். சந்தேகம் வந்தால், ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நாலு பங்கு பாட்டில் தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். அப்போது ரோஸ் வந்தால், வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். 5 பிபிஎம்மைத் தாண்டினால் நான் பிள்ளைகளை இறங்க விடமாட்டேன்.

உத்தண்டி வீட்டில் மாத்திரை டப்பா இன்னும் இருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போகும் வாரங்களில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள்.