கை மரத்துப்போகிறதா? மோதிர விரலைக் கேளுங்கள்

“நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மாரடைப்பு வரப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது.” தையல் வேலை பார்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது.

இரவில் வருகிறது, உதறினால் போகிறது. இந்த இரண்டு குறிப்பிலேயே விடை பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி, எந்தெந்த விரல் மரக்கிறது என்பதில் இருக்கிறது. அதை அவர் எழுதவில்லை. அநேகமாக யாருமே கவனிப்பதில்லை. “கை மொத்தமும் மரத்துப்போகுது” என்றுதான் சொல்வோம்.

விரல்களுக்குப் போகுமுன், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலைகளைச் சொல்லிவிட வேண்டும். கை திடீரென்று மரத்து, கூடவே முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நீட்டிய கை தானாகக் கீழே இறங்கினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதனால் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவது முக்கியம். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். குடிக்க எதுவும் தராதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை அப்படித்தான் வந்து போகும். மரத்த கையில் புறா ரத்தம் தடவும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதில் எந்தப் பயனும் கிடையாது. புறா தேடி அலையும் அந்த இரண்டு மணி நேரம்தான் ஒருவரை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போடுகிறது.

நெஞ்சில் அழுத்தம், வியர்வையோடு இடது கை மரத்தாலும் அவசரம்தான். கை வெளிறிச் சில்லிட்டு, மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போனாலும் அப்படியே. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட கையில் விரல்கள் மரத்து வீங்கி, அவற்றை இன்னொருவர் மெல்ல நீட்டினாலே உயிர்போகும் வலி வருகிறதென்றால், கட்டை அன்றிரவே தளர்த்தியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் முன்கைத் தசை செத்துவிடும்.

இனி, மரத்துப்போதல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நரம்பு என்பது மின்கம்பி போல என்று பள்ளியில் படித்திருப்போம். கம்பிக்குச் சாப்பாடு வேண்டாம், நரம்புக்கு வேண்டும். நரம்பிழைக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் செய்தி ஓடும். அதைக் காப்பாற்ற, இழையின் சவ்வில் உள்ள நுண்ணிய பம்புகள் ஒரு சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இதற்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ரத்தம் வேண்டும். நரம்புக்குள்ளேயே முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுவது அதற்காகத்தான். நரம்பை அழுத்தினால் முதலில் நசுங்குவது அந்தக் குழாய்கள். பம்புகள் பட்டினி கிடக்கின்றன, ஏற்றத்தாழ்வு சரிகிறது, செய்தி நின்றுபோகிறது. அதுதான் மரத்துப்போதல். அழுத்தம் விலகியதும் ரத்தம் பாய்ந்து பம்புகள் மறுபடி ஓடத் தொடங்கும். சமநிலை முழுதாகத் திரும்பும்வரை இழைகள் நிலைகொள்ளாமல், யாரும் தொடாமலே தாமாகத் துடிக்கின்றன. தோலில் எறும்பு ஊர்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்தபின் காலில் வரும் அந்த ஊசிக் குத்தல், நரம்பு விழித்துக்கொள்வதன் அடையாளம்.

1931-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் குழுவினர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ரத்தம் நிற்கும் அளவுக்குக் காற்றடித்து இதைச் சோதித்தார்கள். கால்மணி நேரம் வாக்கில் விரல் நுனியிலிருந்து தொடு உணர்வு மங்கி மேலே ஏறியது. வலி உணர்வு கடைசிவரை தாக்குப்பிடித்தது. தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த இழைகள் முதலில் படுத்துவிடும், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் பின்னால்தான் படுக்கும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் இது தலைகீழாக நடக்கும் ஒரு நோயைப் பார்க்கப் போகிறோம்.

அந்தப் பம்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. நரம்பை மரக்கவைக்கும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று யோசிக்கத் தொடங்கியவர், நண்டுக் கால் நரம்பை அரைத்து அதில் இந்தப் புரதத்தைக் கண்டார். கட்டுரை 1957-இல் வந்தது, நோபல் பரிசு 1997-இல். நண்டின் காலை ஆராய எதற்கு மக்கள் பணம் என்று அன்றைக்கு எவராவது கையெழுத்தை நிறுத்தியிருந்தால் இன்றைய நரம்பியலும் சிறுநீரகவியலும் இந்த அடித்தளத்துக்கு இன்னும் காத்திருந்திருக்கும். உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் ஆராய்ச்சி விண்ணப்பங்கள் நமக்கு நல்லது செய்வதில்லை.

வாசகியின் மணிக்கட்டுக்கு வருவோம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்புக்கோடு தெரியும். அதற்கு மேல்புறம், உள்ளங்கைக்குள் சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. தரையும் சுவரும் 8 சிறு எலும்புகள். கூரை, கெட்டியான ஒரு தசைநார். அது துளியும் விரியாது. இந்த இடுக்குக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு ஒண்டிக்கொண்டு மீடியன் நரம்பும் போகின்றன. தசைநாண்களின் உறை தடித்தாலோ நீர் கோத்தாலோ உள்ளே நெருக்கடி. தசைநாண் கயிறு போன்றது, தாங்கும். நரம்பு தாங்காது.

எவ்வளவு நெருக்கடி? 1981-இல் கெல்பர்மன் என்ற அமெரிக்கக் கை அறுவை மருத்துவரும் சகாக்களும் மெல்லிய குழாயைச் சுரங்கத்துக்குள் செலுத்தி அளந்தே பார்த்தார்கள். நல்ல கையில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது சராசரி அழுத்தம் 2.5 மி.மீ. பாதரசம். நோயுற்ற கையில் 32. அதே கையை உள்நோக்கி முழுக்க மடக்கினால் 94, பின்னோக்கி வளைத்தால் 110. நரம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் குழாய்கள் 20 முதல் 30-லேயே திணறத் தொடங்குகின்றன என்று அதே ஆண்டில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல்களிடம் கண்டிருந்தார்கள். இப்போது இரவின் கணக்கு புரியும். தூங்கும்போது மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறோம். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் உடல் முழுக்கப் பரவிக் கைக்கும் வருகிறது. கை அசையாததால் அதைப் பிழிந்து வெளியேற்ற ஆளில்லை. 2 மணிக்கு நரம்பு பட்டினியில் கத்துகிறது. எழுந்து உதறினால் மணிக்கட்டு நேராகி, ரத்தம் பாய்ந்து, அடங்குகிறது.

எனக்கு இந்த விஷயத்திலேயே ஆகப் பிடித்தது மோதிர விரல்தான். மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் உணர்கிறது. மோதிர விரலில் மட்டும் நடுவிரலை ஒட்டிய பாதியை எடுத்துக்கொள்கிறது. சுண்டுவிரலை ஒட்டிய பாதி, அல்னர் என்ற வேறொரு நரம்புக்கு. ஒரே விரல், நடுவில் கோடு கிழித்ததுபோல இரண்டு எல்லை! மரத்திருக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலின் இரு பக்கங்களையும் பஞ்சால் மாறி மாறி வருடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மங்கினால் கோளாறு கழுத்திலோ மூளையிலோ இருக்க வாய்ப்பு குறைவு. கழுத்தில் கிளம்பும் நரம்புவேர் விரலை இப்படி நடுவில் பிளப்பது அபூர்வம். இன்னொரு சான்று உள்ளங்கை. அதன் நடுப்பகுதிக்கான கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து, கூரைக்கு மேலே நடந்து போய்விடுகிறது. அதனால் சுரங்கத்தில் நெருக்கடி என்றால் விரல்கள் மரக்கும், உள்ளங்கை தெளிவாக இருக்கும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் மரத்தால் முழங்கையைப் பாருங்கள். இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் அல்னர் நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தையில்லாமல் ஓடுகிறது. முழங்கையை மடக்க மடக்க அது இழுபடும். போனைக் காதில் வைத்து அரைமணி நேரம் பேசுவது, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். இரவில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டிக்கொண்டால் மடங்காது.

இதே நரம்பு, இதே இடத்தில், தொழுநோயாலும் தடிக்கிறது. அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும். தோலுக்கடியில் ஓடும் நரம்பு அதற்குத் தோதான இடம். நான் சொன்ன தலைகீழ் இங்கேதான். தொழுநோயில் மெல்லிய இழைகள் முதலில் போகின்றன. எறும்பு ஊராது, ஊசி குத்தாது. சூடும் வலியும் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். சூடான பாத்திரத்தைப் பிடித்துக் கொப்புளம் வந்தபிறகுதான் சுட்டதே தெரியும். கொல்லிமலையில் பிறந்து 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்துதான் அவை போகின்றன. இரவில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். சாபம், பாவம் என்ற பேச்சையெல்லாம் அடித்து நொறுக்கிய கண்டுபிடிப்பு அது. வெளிறிய, உணர்வற்ற தேமலோ முழங்கையில் கயிறு போலத் தடித்த நரம்போ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 6 மாதமோ 12 மாதமோ கூட்டுமருந்து இலவசம். முழுக்கக் குணமாகும்.

கோளாறு கழுத்தில் என்றால் வலி கழுத்திலிருந்து தோள் வழியாக இறங்கும், தலையை அந்தப் பக்கம் சாய்த்தால் கூடும், கையைத் தலைமேல் வைத்தால் குறையும். இது பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஆனால் இரண்டு கையும் மரத்து, சட்டைப் பொத்தான் போட வராமல், நடை தள்ளாடினால் தண்டுவடமே நசுங்குகிறது என்று பொருள். தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோய் நீளமான நரம்பை முதலில் தாக்கும். ஆகவே பாதத்தில் தொடங்கி, மரப்பு முழங்கால் அளவுக்கு ஏறியபிறகே கைக்கு வரும். பாதம் நன்றாக இருந்து கை மட்டும் மரத்தால், அவர் சர்க்கரை நோயாளியே ஆனாலும் சுரங்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தச் சுரங்க நெருக்கடி அதிகம் வரும். பி12 குறைபாடும் பாதத்தில் தொடங்குவதே வழக்கம். சுத்த சைவர்களும் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. குறைபாடு இருந்தால் பி12 ஊசி அருமையான மருந்து. சோதிக்காமல், எல்லா மரப்புக்கும் “நரம்புத் தளர்ச்சி” என்று பெயர் வைத்துச் சிவப்பு ஊசி போடுவதைத்தான் எதிர்க்கிறேன். சுரங்கத்தின் கூரையை எந்த விட்டமினும் தளர்த்தாது.

வாசகிக்கு: முதலில், மோதிர விரல் சோதனை. அடுத்து, இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். முதல் மூன்று விரலில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை கேட்டு வாங்குங்கள். உள்ளே ஓர் உலோகத் தகடு இருக்கும். பெரும்பாலான பட்டைகளில் அது கையைப் பின்னோக்கி வளைத்தே வைத்திருக்கும். பின்னோக்கி வளைத்தால் அழுத்தம் ஏறும் என்று மேலே பார்த்தோம். தகட்டை உருவி, முழங்காலில் வைத்து நேராக்கி, மறுபடி செருகுங்கள். இரவு மட்டும், 6 வாரம். இறுக்கிக் கட்ட வேண்டாம். பகலில், கனத்த துணிக்குக் கனத்த கத்தரி, அரைமணிக்கு ஒரு முறை கைக்கு ஓய்வு. தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இதே தொல்லை கடைசி மாதங்களில் வந்து, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும்.

6 வாரத்தில் குறையாவிட்டால், நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை. பிறகு மருத்துவர் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியோ கூரையை அறுத்துவிடும் சிறு அறுவையைப் பற்றியோ பேசுவார். கையை மட்டும் மரக்கவைத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஊசியில் நூல் கோக்க வராமல் கத்தரி கைநழுவுகிறது, பகலெல்லாம் மரத்தே கிடக்கிறது என்றால் 6 வாரம் காத்திருக்க வேண்டாம். இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கமாக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு இடது கையில் உப்பியும் வலது கையில் தட்டையாகவும் இருந்தால், இந்த வாரமே போய்விடுங்கள். மரத்த விரலுக்கு உணர்வு பெரும்பாலும் திரும்பும். அந்தச் சதை ஒருமுறை வற்றிவிட்டால் முழுதாகத் திரும்புவது அரிது.