சைக்கோவுக்குள் ஒரு பட்டாம்பூச்சி

பென்னாகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தருமபுரிக்கு வந்து இளங்கலை ஆங்கிலம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சார், பாடத்துல சைக்கோஅனாலிசிஸ்னு வருது. சைக்கோக்களை ஆராயறதுதானே?”

சிரிக்க வேண்டாம். நம் ஊர் டீக்கடையில் ‘சைக்கோ’ என்றால் வசவு. ராத்திரியில் பைக்கை முறுக்குகிறவன் சைக்கோ, இன்டர்னல் மார்க்கைக் குறைக்கிற வாத்தியாரும் சைக்கோ. ஆங்கிலத் தெருப்பேச்சிலும் இதே கதைதான். சைக்கோபாத் என்ற சொல்லின் வாலை நறுக்கிய வசவு அது. ஆனால் எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்திதான்: ‘ப்சூக்கே’ என்ற கிரேக்கச் சொல். மூச்சு, உயிர், ஆன்மா என்று பொருள். பட்டாம்பூச்சி என்றும் பொருள் உண்டு! புழு கூட்டுப்புழுவாகி, ஓட்டை உடைத்துக்கொண்டு பறப்பதை அரிஸ்டாட்டில் எழுதும்போது அந்தப் பூச்சிக்குச் சொல்லும் பெயர் இதுதான்.

பரீட்சைக்கு வேண்டியதை முதலில் முடித்துவிடுவோம். சைக்காலஜி என்பது மனம் பற்றிய மொத்த அறிவியல். சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநோய்க்கு மாத்திரை எழுதும் டாக்டர். சைக்கோஅனாலிசிஸ், மனதில் நமக்கே தெரியாமல் ஒளிந்து கிடப்பதைப் பேச்சின் வழியே தேட வியன்னாவில் டாக்டர் சிக்மண்ட் பிராய்ட் தொடங்கிய தனி வழி. ஜெர்மன் பேசும் அவர் இந்தச் சொல்லை முதலில் அச்சில் விட்டது 1896இல், ஒரு பிரெஞ்சுக் கட்டுரையில். நம் நாட்டுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இதற்கென்று சங்கமே தொடங்கினார். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே கொள்கையையும் குறிக்கும், ஆராயும் முறையையும் குறிக்கும், சிகிச்சையையும் குறிக்கும். ‘ஷீ இஸ் இன் அனாலிசிஸ்’ என்றால் அந்தச் சிகிச்சைக்குப் போய்வருகிறாள் என்று அர்த்தம். ‘டோன்ட் சைக்கோஅனலைஸ் மீ’ என்று ஒருவர் எரிந்து விழுந்தால், “என் மனசைத் தோண்டிப் பார்க்காதே” என்கிறார்.

எனக்குப் பிடித்தது சொல்லின் பின்பாதி. தமிழில் உளப்பகுப்பாய்வு என்கிறோம். பகுப்பு என்றதும் எனக்குக் கறிக்கடைக் கத்திதான் ஞாபகம் வருகிறது. குற்றம் மொழிபெயர்த்தவர்கள் மேல் இல்லை. கிடைத்த பொருளைப் பிரித்துப் பார்க்கும் வேதியியலாளரின் வேலைக்குத்தான் பிராய்டும் இதை ஒப்பிட்டார். ஆனால் கிரேக்கத்தில் ‘லூசிஸ்’ என்றால் அவிழ்த்தல். முடிச்சைத் தளர்த்துவது. அதைப் பார்க்க வேண்டுமானால் நம் பக்கத்துப் பட்டு நூற்புக் கூடத்துக்குப் போனால் போதும்.

பட்டுக்கூட்டை நகத்தால் கீறி இழுத்துப் பாருங்கள். பஞ்சுபோல் கொஞ்சம் பிசிறு வரும், அவ்வளவுதான். புழு நூலைச் சுற்றும்போதே செரிசின் என்ற பசையையும் சேர்த்துக் கக்கி ஒட்டிவிடுகிறது. கூட்டை வெந்நீரில் போட்டால் பசை இளகும். பிரஷ்ஷை மேலாகத் தடவினால் முதலில் சிக்கும் சிடுக்குமாகக் கழிவுநூல் வரும். நூற்கிறவர் சலிக்காமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். திடீரென்று ஒற்றை இழை ஒன்று சுத்தமாகக் கையில் சிக்கும். பிறகு கூடு வெந்நீரில் தானாக உருளும், நூல் ஓடும். நல்ல வெள்ளைக்கூடு என்றால் ஒரே இழை ஒரு கிலோமீட்டரை நெருங்கும்! (உள்ளே இருக்கும் பூச்சி அதற்குள் செத்திருக்கும். உவமையை அதுவரை இழுக்காதீர்கள்.)

பிராய்டின் அறையில் வெந்நீருக்குப் பதில் ஒரு சாய்வுக்கட்டில். வந்தவர் படுத்துக்கொள்வார், பிராய்ட் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். விதி ஒன்றுதான்: மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும், அசட்டுத்தனமானாலும், வெட்கக்கேடானாலும். முதலில் வருவதெல்லாம் கழிவுநூல். பேச்சு எங்கே தடுக்குகிறதோ, எங்கே ஆள் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவுகிறாரோ, அங்கே பசை கெட்டியாக இருக்கிறது.

இந்த முறைக்கு விதை போட்டவர் ஒரு நோயாளிப் பெண். 1880இல் தொடங்கி பிராய்டின் நண்பர் பிராயர் அவருக்கு வைத்தியம் பார்த்தார். தாகம் வாட்டியும் தண்ணீர் வாயில் இறங்கவில்லை. தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலம்தான் வந்தது. ஒவ்வொரு தொல்லையும் எப்போது தொடங்கியது என்று பேசப் பேச அது குறைந்ததாம். அதற்கு அவர் ஆங்கிலத்திலேயே வைத்த பெயர் ‘டாக்கிங் க்யூர்’. பிராயர் எழுதிய அளவுக்கு அவர் குணமாகிவிடவில்லை, பிறகு சானடோரியத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்கள். நம் பக்கம் பிறந்திருந்தால் காத்துக் கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்தே நேரம் போயிருக்கும். அது இன்றும் நடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வாய்தவறலுக்கு வருவோம். ஒன்றைச் சொல்லப்போய் வேறொன்று வாயில் வந்தால், அதிலும் ஒளிந்த ஆசை இருக்கிறது என்பார் பிராய்ட். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணம். என் சித்தப்பா மைக்கைப் பிடித்து, “மணமக்களுக்கு எனது ஆழ்ந்த இரங்கலை…” என்றார். மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

பிராய்ட் இருந்திருந்தால் கண் மின்னியிருக்கும். கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்த ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் ‘கூட்டம் முடிந்தது’ என்று அறிவித்த கதையை அவர் 1901இல் எழுதினார். இந்தக் கூட்டத்தால் ஒன்றும் விளையாது, எப்போது முடியும் என்று இருந்தவரின் ஆசைதான் வாயில் வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. அந்தக் கதையைத் தொகுத்து வைத்திருந்தவர் மெரிங்கர் என்ற மொழியியலாளர். அவர் கணக்கு வேறு: எதிர்ச்சொற்கள் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன, கதவு மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான். என் ஓட்டு பெரும்பாலும் மெரிங்கருக்கு. தமிழில் ‘ஆழ்ந்த’ என்று தொடங்கிவிட்டால் ‘இரங்கல்’ தானாக வந்து நிற்கும். போஸ்டர் போஸ்டராகப் பார்த்துப் பழகிய தடம் அது. பிராய்டின் விளக்கத்திலோ, வாய்தவறியவர் ‘ஆமாம், அந்த ஆசை இருந்தது’ என்றாலும் பிராய்ட் சொன்னது சரி, ‘இல்லை’ என்றாலும் ‘ஒளிக்கிறார்’ என்று சொல்லி அதுவும் சரி. தோற்கவே முடியாத விளக்கம் அறிவியல் ஆகாது என்று கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி சண்டை போட்டது இதற்குத்தான். பட்டுப்புழு இனங்களைப் பாதுகாக்க ஓசூரில் மத்திய அரசின் மையம் இருக்கிறது, நல்லது. தமிழ் வாய்தவறல்களை ஆயிரக்கணக்கில் தொகுக்கவும் யாராவது நாலு காசு ஒதுக்கினால் இந்த வழக்கில் நமக்கும் சாட்சி கிடைக்கும்.

இருந்தாலும் விதிப்படி ஒருமுறை செய்து பார்த்தேன். சித்தப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, “இரங்கல்னதும் மனசுல என்ன வருது, யோசிக்காம சொல்லுங்க” என்றேன்.

“என்ன வரும்? அந்த வாரம் மட்டும் மூணு சாவு வீடு. மூணுலயும் பேசினேன்” என்றார். மெரிங்கருக்கு ஒரு புள்ளி.

வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, “அந்தப் பொண்ணு பி.எட். படிக்கணும்னு அழுதுச்சுப்பா. யார் கேட்டாங்க” என்றார்.