மலைப் பிள்ளைகளுக்கும் கடல் படிப்பு உண்டு: 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்ன தருகிறது?

போன மே மாதம் கோத்தகிரியில் ஒரு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகளும். அவர் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு. கடல் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று அவள் பிடிவாதமாக இருக்க, "அது மீனவர் பிள்ளைங்க படிக்கிறதும்மா, நமக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொடுப்பார்கள். அதற்குச் சட்டமே இருக்கிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதை 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள் என்பதில், அந்த 'மீன்வளம்' என்ற சொல் மட்டும் நம் ஊரில் யார் காதிலும் விழவில்லை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.எஸ்சி. என்ற நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு ஆகிய ஊர்களில் கல்லூரிகள். இதற்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. மீன் வளர்ப்பு மட்டும் சொல்லித்தருகிற படிப்பு என்று நினைக்க வேண்டாம். கடல் வளத்தை எப்படிக் காப்பது, நீரின் தன்மை, மீன்களின் நோய் எல்லாம் வரும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவும். அதே 1986-இல்தான் நம் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது.

உள் ஒதுக்கீடு என்றால், ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் உள்ள இடங்களுக்குள்ளேயே 7.5 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைப்பது. பிற்படுத்தப்பட்டோர் பிரிவு மாணவிக்கு அந்தப் பிரிவுக்குள், பழங்குடி மாணவருக்கு அவர் பிரிவுக்குள். போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும் என்பதால், மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் வாய்ப்பு இருக்கிறது. இதில் இடம் கிடைத்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும். ஊட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டிய வீட்டுக்கு விடுதிக் கட்டணம்தான் பெரிய பயம், அது இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பேர் துணிவார்கள்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி சேராது, சம்பளத்தை அரசு கொடுத்தாலும் சேராது. மலையில் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் நிறைய, அவர்களுக்கு இது வருத்தம்தான். ஆனால் குடும்பத்தில் இதுவரை பட்டதாரியே இல்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள், தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது உதவும்.

மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தனி. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே பதிவு நடக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

அந்தப் பெண்ணின் பிளாஸ்டிக் கவரைத் திறந்து பார்த்தோம். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் இருந்தன. இல்லாதது ஆறிலிருந்து எட்டு வரை எங்கே படித்தாள் என்பதற்கான படிப்புச் சான்று. எட்டு வரை ஊர் நடுநிலைப் பள்ளி, அப்புறம் டவுன் மேல்நிலைப் பள்ளி, ஆகவே இரண்டு தலைமை ஆசிரியர்களின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். மே மாதம், நடுநிலைப் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. தலைமை ஆசிரியர் ஊருக்குப் போயிருந்தார், அவர் திரும்பி வருகிற வரை மூன்று நாள் அந்த அப்பா வேலைக்குப் போகாமல் அலைந்தார். இதே காகிதத்தை மார்ச் மாதத்தில் பத்து நிமிடத்தில் வாங்கியிருக்கலாம்.

பழங்குடி வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். அவர்களுக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருவார். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டங்கள். விசாரணைக்கு நாளாகும், பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பி.எஃப்.எஸ்சி. கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுநிலை சேரலாம். கடலைப் பார்த்ததே இல்லை என்று தயங்குகிற பிள்ளையை ஒருநாள் அவலாஞ்சி டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கூட்டிப் போங்கள். அதை நடத்துவது மீன்வளத் துறை, அங்கே வேலை செய்கிறவர்களிடம் என்ன படித்தீர்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.